முதல் நாள் ஸ்கீ: பிள்ளைகளோடு சின்னக் குன்றுக்குப் போகும் ரொறன்ரோக் குடும்பங்களுக்கு

ஸ்கீ பழகப் போன பிள்ளை அரை மணித்தியாலத்தில் அழத் தொடங்கினால் முதலில் சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு காலுறை போட்டிருக்கும். இல்லாவிட்டால் உள்காற்சட்டையின் நுனி சப்பாத்துக்குள் மடிந்து, கணுக்காலுக்கு மேலே சிவப்பாகத் தடம் விழுந்திருக்கும். பயம், குளிர் என்று பெற்றோர் நினைத்துக்கொள்ளும் அழுகையில் பாதி இந்த வலிதான். அதனால் இந்தக் கையேட்டில் சரிவில் இறங்குவதைவிட, இறங்குவதற்கு முந்திய விஷயங்களுக்கே இடம் கூட.

எந்தக் குன்று

ஸ்கீ என்றதும் நம்மவர்கள் கொலிங்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புளூ மவுன்ரனுக்கு வெளிக்கிடுவார்கள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். அடியிலிருந்து உச்சி ஏறக்குறைய 220 மீற்றர். நல்ல இடம்தான், ஆனால் முதல் நாள் பழகும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரிய, மெல்லச் சரிந்த ஒரு துண்டு நிலம். அது பக்கத்திலேயே கிடைக்கிறது. இரண்டு மணித்தியாலம் காரில் இருந்து களைத்த பிள்ளைக்கும் அரை மணித்தியாலத்தில் வந்திறங்கிய பிள்ளைக்கும் வித்தியாசம் மதியத்துக்கு முன்பே தெரியும்.

மிசிசாகா, பிராம்ப்டன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மில்ரனில் உள்ள கிளென் ஈடன் வசதி. நயாகரா எஸ்கார்ப்மென்ற் என்ற நீண்ட பாறை விளிம்பின் ஒரு துண்டு அது. கெல்சோ பூங்காவுக்குள், 401 நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கன்சர்வேஷன் ஹோல்ரன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறது. உயரம் 70 மீற்றருக்குச் சற்று மேல். ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் ஆட்களுக்கு அக்ஸ்பிரிட்ஜில் உள்ள லேக்ரிட்ஜ் கிட்ட. லேக் ரிட்ஜ் வீதியால் நேரே வடக்கே போக வேண்டியதுதான். ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலத்தில் அமைந்த குன்று. ஸ்கீயில் விருப்பம் இல்லாதவர்களுக்கு அங்கே காற்றடைத்த வளையத்தில் சறுக்கும் ரியூபிங்கும் உண்டு.

ரொறன்ரோ நகரசபைக்கும் இரண்டு குன்றுகள் இருக்கின்றன. ஒன்று பதர்ஸ்ட், ஷெப்பர்ட் சந்திக்குப் பக்கத்தில் உள்ள ஏர்ல் பேல்ஸ் பூங்கா. கார் இல்லாதவர்கள் ஷெப்பர்ட்-யங் நிலையத்திலிருந்து மேற்கே போகும் பஸ்ஸைப் பிடித்து இறங்கி நடக்கலாம். மற்றது எற்றோபிக்கோவில் உள்ள சென்ரெனியல் பூங்கா. அந்தக் குன்று இயற்கையானதல்ல, ஒரு காலத்தில் குப்பை கொட்டி நிரப்பிய மேடு. பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டும் மிகச் சிறியவை, முதல் நாளுக்கு அது போதும். ஆனால் சின்னக் குன்றில், ஆட்களை மேலே ஏற்றிவிடும் பெரிய லிஃப்ற் ஒன்றுதான் இருக்கும். அது பழுதானால் குன்றே மூடிக் கிடக்கும். வெளிக்கிட முன், அன்று காலையே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தின நாள் பார்த்தது போதாது.

சின்னக் குன்றின் பெரிய நன்மை: லொட்ஜ் என்று சொல்லும் கட்டடத்தின் கண்ணாடி யன்னலில் இருந்து பார்த்தால் முழுச் சரிவும் தெரியும். ஸ்கீ செய்யாத அம்மம்மாவும் தேத்தண்ணியோடு அங்கே இருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கலாம். சலம் வருகிறது என்று பிள்ளை சொன்னால் கழிப்பறைக்கு நூறு அடிதான். பனி உடுப்பு அவ்வளவையும் கழற்றவேண்டிய நிலையில் இது சின்ன விஷயமே இல்லை.

எப்போது போவது

தெற்கு ஒன்ராறியோவின் குன்றுகள் வானத்திலிருந்து விழும் பனியை நம்பி ஓடுவதில்லை. தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து விசிறும் இயந்திரங்கள் இரவிரவாகப் பனி செய்கின்றன. அதற்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகையாவது இருக்க வேண்டும், காற்றில் ஈரப்பதனும் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டு வாசலில் புல் தெரிந்தாலும் குன்று திறந்திருக்கலாம்; வாசலில் ஓரடி பனி இருந்தாலும் போன கிழமை வெக்கை என்றால் குன்று மூடியிருக்கலாம். டிசம்பர் நடுப்பகுதிக்கும் கிறிஸ்மஸுக்கும் இடையில் ஒரு சில சரிவுகளோடு தொடங்கி, மார்ச் நடுவில் சகதியாகி முடியும்.

பழகுபவர்களுக்கு நல்ல காலம் ஜனவரி இரண்டாம் கிழமையிலிருந்து பெப்ரவரி கடைசி வரை. அதற்குள் தவிர்க்க வேண்டிய நாட்கள்: பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் குடும்ப தினமும் அதோடு ஒட்டிய சனி ஞாயிறும், பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லாத, பாடசாலை ஆசிரியர்களுக்கான பி.ஏ. நாட்களும். பி.ஏ. நாளில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். மழை பெய்து மறுநாள் உறைந்தால் போகவே வேண்டாம்: சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும், பழகுபவரின் ஸ்கீ விளிம்பு அதில் பிடிக்காது, விழுந்தால் கொங்கிறீற்றில் விழுந்த வலி.

நேரத்தைப் பொறுத்தவரை, திறக்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முந்திப் போய்ச் சேருங்கள். வாகனத் தரிப்பிடம், பற்றுச்சீட்டு, வாடகை என்று மூன்று வரிசை இருக்கிறது. முதல் மணித்தியாலத்தில் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் என்றால், பதினொரு மணிக்கு வாடகை வரிசை மட்டும் முக்கால் மணித்தியாலம் எடுக்கலாம். காலையில் சரிவும் இயந்திரத்தால் வாரிவிட்டபடி வரிவரியாக, மென்மையாக இருக்கும். மதியத்துக்குப் பிறகு மேடும் பள்ளமுமாகக் கிளறுப்பட்டுவிடும். வேலை நாள் மாலை வெளிச்சத்தில் ஓடும் இரவு நேரம் மலிவு, கூட்டமும் குறைவு, ஆனால் குளிர் கூட. அது இரண்டாம், மூன்றாம் தடவைக்கு.

காசு எங்கே போகிறது

முழுக் குன்றுக்குமான லிஃப்ற் ரிக்கெற் முதல் நாள் யாருக்கும் வேண்டாம். எந்தக் குன்றிலும், பழகுபவர் பகுதிக்கு மட்டுமான ரிக்கெற் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதைவிட நல்லது, பழகுபவர் ரிக்கெற், வாடகைச் சாமான், ஒரு மணித்தியால வகுப்பு மூன்றும் சேர்ந்த தொகுப்பு. தனித்தனியாக வாங்குவதைவிடக் குறையும். வார இறுதிக்கு இவை முன்கூட்டியே முடிந்துவிடும் என்பதால் இணையத்தில் முதலே எடுக்க வேண்டும். நகரசபை வகுப்புகளுக்குப் பதிவு திறக்கும் காலையில் கணினிக்கு முன்னால் கணக்கு விபரம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு இருங்கள். இடங்கள் மளமளவென்று போய்விடும்.

நாலாம், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் கனடிய ஸ்கீ சபையின் ஸ்னோபாஸைத் தவறவிட வேண்டாம். சிறு கட்டணம் கட்டி ஒருமுறை எடுத்தால், நாடு முழுவதும் அதில் சேர்ந்துள்ள குன்றுகள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பிள்ளை இலவச ரிக்கெற்றோடு போகலாம். பிள்ளையின் படமும் வயது அல்லது வகுப்பைக் காட்டும் ஆதாரமும் கேட்பார்கள். வாடகையும் வகுப்பும் அதில் அடங்காது. சில குன்றுகள் விடுமுறை நாட்களில் அதை ஏற்பதில்லை; வெளிக்கிட முன் பாருங்கள்.

பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையொப்பம் கேட்பார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கையொப்பம் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளையின் தாயோ தகப்பனோ முந்தின நாளே இணையத்தில் நிரப்பி அனுப்பியிருக்க வேண்டும். சித்தி, மாமா கையொப்பம் செல்லாது. வாசலில் நின்று தொலைபேசியில் பேசி இதைத் தீர்க்க முடியாது.

உடுப்பு

பருத்தி கூடாது. ஜீன்ஸும் பருத்தி, சாதாரண வெள்ளைக் காலுறையும் பருத்தி. வியர்வையையோ பனியையோ ஒருமுறை உறிஞ்சினால் நாள் முழுவதும் காயாது, உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உடம்போடு ஒட்டிய மெல்லிய செயற்கை நூல் அல்லது கம்பளி உள்ளுடுப்பு, அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் தண்ணீர் ஊறாத ஜக்கெற்றும் ஸ்னோ பான்ற்ஸும். பாடசாலைக்குப் போடும் ஸ்னோ பான்ற்ஸே தாராளம். பழகுபவர் வியர்ப்பார்; நடந்து, விழுந்து, எழும்பி வேலை கூட. தடித்த ஒரே கோட்டைவிடக் கழற்றக்கூடிய மூன்று அடுக்கு நல்லது.

கைக்கு, பத்து வயதுக்குக் கீழே என்றால் விரல் பிரிந்த கையுறையை மறந்துவிட்டு நான்கு விரலும் ஒன்றாகப் போகும் மிற்றன் வாங்குங்கள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும், போடுவதும் சுகம். பின்னிய கம்பளிக் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். ஒவ்வொருவருக்கும் இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். மதியத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் குடும்பங்களில் பாதி நனைந்த மிற்றனால்தான் போகிறது.

காலுறை ஒன்றே ஒன்று. மெல்லியது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை நீண்டது. இரண்டு போட்டால் சூடு என்று எங்கள் ஊரில் நினைப்பது இயல்பு. ஸ்கீ சப்பாத்துக்குள் அது நேரெதிராக வேலை செய்யும்: இடம் நெருக்குப்பட்டு இரத்தோட்டம் குறைந்து கால் கூடுதலாக விறைக்கும்.

நீளச் சால்வை வேண்டாம்; லிஃப்றில் மாட்டும். கழுத்துக்குக் குழாய் வடிவில் மாட்டும் நெக் வோர்மர் போதும். நீள முடியைத் தலைக்கு மேல் கொண்டை போட்டால் ஹெல்மெற் இருக்காது. கழுத்தடியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு ஜக்கெற்றுக்குள் விடுங்கள். ஜிமிக்கி, தொங்கும் தோடு, சங்கிலி எல்லாம் வீட்டில். ஹெல்மெற்றுக்குக் கீழே கம்பளித் தொப்பியும் போடக் கூடாது. முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெற் தனியே ஆடக் கூடாது. ஒன்ராறியோவில் பெரியவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அப்பா வெறுந்தலையோடு நின்றால் பிள்ளையும் கழற்றிவிடும்.

வாடகைக் கூடம்

இங்கே அவசரப்படாதீர்கள். வாடகைப் படிவத்தில் வயது, உயரம், எடை, சப்பாத்து அளவு, ஸ்கீ அனுபவம் கேட்பார்கள். எடையைக் கேட்பது வம்புக்கு அல்ல. சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைத்திருக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்று திருகாணியால் அமைப்பது அந்த எண்ணை வைத்துத்தான். 10 கிலோ குறைத்துச் சொன்னால் நல்லபடி போகும்போதே ஸ்கீ கழன்று விழுத்தும். கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது. ஸ்கீ நெம்புகோலாகி முழங்காலைத் திருகும். அனுபவம் என்ற இடத்தில் வெட்கப்படாமல் முதல் வகையைக் குறியுங்கள்.

பாதத்தின் நீளத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். குதிக்காலைச் சுவரோடு வைத்து நிற்கவிட்டு, பெருவிரல் நுனி வரை சென்ரிமீற்றரில் அளக்க வேண்டும். ஸ்கீ சப்பாத்தின் அளவே அந்த எண்தான்: 24.5 சென்ரிமீற்றர் பாதத்துக்கு 24.5 சப்பாத்து. வளரும் பிள்ளைக்கு ஒரு அளவு பெரிசாக எடுக்கும் வழக்கம் இங்கே உதவாது. கால் உள்ளே சறுக்கினால் ஸ்கீ திரும்பாது.

போடும் விதம் இது. கொக்கிகளை எல்லாம் திறந்து, நாக்கை முன்னால் இழுத்து, காலை விட்டு, குதிக்காலை நிலத்தில் இரண்டு மூன்று தரம் தட்டுங்கள். குதி பின்னால் போய் உட்காரும். உள்காற்சட்டையை மேலே சுருட்டுங்கள். சப்பாத்துக்குள் காலுறையைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. ஸ்னோ பான்ற்ஸின் உட்சுருக்கு சப்பாத்துக்கு வெளியே வரட்டும். கணுக்காலுக்கு மேலுள்ள கொக்கியை முதலில் இறுக்கி, பிறகு மேற்கொக்கி, விரற்பக்கக் கொக்கி தளர்வாக. நிமிர்ந்து நின்றால் பெருவிரல் நுனியில் மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். சாயும்போது குதிக்கால் தூக்கினால் பெரிசு. நிமிர்ந்தாலும் குனிந்தாலும் விரல் மடங்கியே இருந்தால் சின்னன். கொக்கிகள் இரு காலிலும் வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வலது இடது மாறிப் போட்ட பிள்ளைகளை எந்தச் சனிக்கிழமையும் காணலாம். புதியவர்களுக்கு எந்த ஸ்கீ சப்பாத்தும் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் நெரியக் கூடாது. நெரிந்தால் வரிசையில் திரும்பி நின்றாவது மாற்றுங்கள்.

ஸ்கீயின் நீளம் பிள்ளைக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில் வந்தால் போதும். கைத்தடி முதல் நாள் யாருக்கும் வேண்டாம். கையில் எதையாவது கொடுத்தால் அதில் ஊன்றத்தான் பார்ப்பார்கள். விழும்போது தடியின் வார் பெருவிரலைப் பிடித்து இழுத்துவிடும். ஏழு வயதுக்குக் கீழே என்றால் ஸ்னோபோர்ட்டைத் தள்ளிவைத்து ஸ்கீயிலேயே தொடங்குங்கள். இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டு பக்கவாட்டில் போவது சின்னப் பிள்ளைக்குச் சிரமம்.

எடுத்த ஸ்கீயின் இலக்கத்தைத் தொலைபேசியில் படம் பிடியுங்கள். வாடகை ஸ்கீ எல்லாம் ஒரே நிறம். சாப்பிட்டுவிட்டு வந்து தேடும்போது அருமை தெரியும். சாப்பிடப் போகும்போது உங்களுடையதில் ஒன்றையும் துணைவருடையதில் ஒன்றையும் சோடி மாற்றி இரண்டு இடத்தில் நிறுத்தினால் யாரும் மாறி எடுத்துப் போகமாட்டார்கள்.

பனியில் முதல் ஒரு மணித்தியாலம்

வகுப்பு எடுத்திருந்தால் பிள்ளையைப் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் நிற்காதீர்கள். தாயைக் கண்டால் பிள்ளை தாயைத்தான் பார்க்கும். நீங்களே சொல்லிக்கொடுப்பதென்றால், உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கிருந்து தொடங்காதீர்கள். கணவன் மனைவிக்குள் குன்றில் வரும் சண்டைக்கெல்லாம் மூலம் இதுதான்.

மட்டமான இடத்தில் தொடங்குங்கள். சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியை பைண்டிங் விளிம்பில் தேய்த்து எடுத்து, விரற்பக்கத்தை முதலில் நுழைத்து, குதியால் ஊன்றி மிதியுங்கள். டக்கென்று சத்தம் வரும். வராவிட்டால் அடியில் பனி இன்னும் இருக்கிறது. முதலில் ஒரு காலில் மட்டும் மாட்டி, மற்றக் காலால் தள்ளி வட்டம் போடுங்கள். கால் மாற்றி அதையே செய்யுங்கள். பிறகு இரண்டும் மாட்டி, சரிவுக்குக் குறுக்காக நின்று, படி ஏறுவதுபோல் பக்கவாட்டில் நாலைந்து அடி ஏறுங்கள். அந்த நாலைந்து அடியிலிருந்துதான் முதற் சறுக்கல். கீழே தானாக நிற்க மட்டமான இடம் இருக்க வேண்டும்.

நிறுத்துவதற்கு ஸ்கீயின் முன்நுனிகளை ஒரு கைமுட்டி இடைவெளியில் கிட்ட வைத்து, பின்பக்கங்களை விரித்துத் தள்ள வேண்டும். பயிற்றுநர்கள் பிள்ளைகளுக்கு இதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லுவார்கள். இரண்டையும் சமாந்தரமாக வைத்தால் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ். விரிவு கூடக் கூட உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகம் குறையும். திரும்புவதும் இதே விரிவில்தான்: வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் போகும், இடதை அழுத்தினால் வலப்பக்கம். முன்நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் விழுவது உறுதி.

எல்லோரும் செய்யும் பிழை பின்னால் சாய்வது. பயம் வந்தால் உடம்பு மேட்டுப்பக்கம் ஒதுங்கும். அப்போது பாரம் ஸ்கீயின் வாலுக்குப் போகும், முன்பக்கம் பிடி விடும், வேகம் கூடும், பயமும் கூடும். முழங்காலின் கீழ்ப்பகுதி சப்பாத்தின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும். கைகளை ஆலாத்தித் தட்டு ஏந்துவதுபோல் முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள், உடம்பு தானாக முன்னுக்கு வரும். பார்வை ஸ்கீ நுனியில் வேண்டாம். போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

விழுவதையும் பழக்குங்கள். கட்டுப்பாடு போகிறது என்று தெரிந்தால் பக்கவாட்டில், இடுப்பில் சரிந்து உட்கார வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. எழும்ப, இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவந்து, காலைக் கிட்ட இழுத்து, மேட்டுப்பக்கம் கையூன்றித் தள்ளுங்கள். ஸ்கீ கீழ்நோக்கி இருக்க எழும்பினால் எழும்பிய கையோடு ஓடத் தொடங்கிவிடும். முடியாவிட்டால் ஒரு ஸ்கீயைக் கழற்றலாம். இரண்டும் கழன்றிருந்தால் பள்ளப்பக்கக் காலுக்கு முதலில் மாட்ட வேண்டும்.

லிஃப்ற்கள்

பழகுபவர் பகுதியில் இருப்பது மஜிக் கார்பெற்: நிலத்தோடு ஓடும் இறப்பர்ப் பட்டி. ஸ்கீயை நேராக வைத்து மெல்ல ஏறி, முழங்காலைச் சற்று மடித்து அசையாமல் நில்லுங்கள். முன்னால் நிற்பவரோடு ஒட்டாமல், குன்றின் ஊழியர் சொல்லும் இடைவெளி விடுங்கள். மேலே போனதும் அங்கேயே நின்று கையுறை சரிசெய்யக் கூடாது. பின்னால் வருபவரைப் பட்டி உங்கள்மேல் தள்ளிவிடும். ஓரமாக மூன்று மீற்றர் நகர்ந்து பிறகு எதையும் செய்யுங்கள்.

கார்பெற் சரிவில் ஐந்து தரம் தொடர்ந்து விழாமல், சொன்ன இடத்தில் நிறுத்தி இறங்கிய பிறகே கதிரை லிஃப்ற். ஐந்து என்பது சட்டமில்லை, ஆனால் அதைவிடக் குறைத்துப் போனவர்கள் உச்சியில் நின்று திகைக்கிறார்கள். ஏற முன் முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடியுங்கள். பிள்ளை ஊழியர் நிற்கும் பக்கம் இருக்கட்டும், அவர் தூக்கிவிடுவார். முதல்முறை என்று சொன்னால் லிஃப்றை மெதுவாக்குவார். சொல்ல வெட்கப்பட வேண்டாம். முன் கதிரை போனதும் குறிக்கோடு வரை போய், திரும்பித் தோளுக்கு மேலால் பார்த்து, கதிரை முழங்காலின் பின்பக்கம் தொட்டதும் உட்காருங்கள். உடனே பாதுகாப்புச் சட்டத்தைத் தலை இடிக்காமல் இறக்க வேண்டும். பிள்ளை பின்னால் சாய்ந்து இருக்கட்டும். கையுறை கீழே விழுந்தால் விழட்டும், குனியக் கூடாது. ஏறும்போது தவறினால் கதிரையில் தொங்காமல் விட்டுவிட்டு நிலத்தோடு படுங்கள், கதிரை மேலால் போகும்.

இறங்கும் இடத்துக்குச் சற்று முன் சட்டத்தை உயர்த்தும்படி பலகை இருக்கும். ஸ்கீ நுனிகளைத் தூக்கி, மேடையில் தொட்டதும் எழும்பி, நேரே சறுக்கிப் போங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்காதீர்கள்; பிடித்தால் நாலு பேரும் குவியலாக விழுவீர்கள். விழுந்தால் எழும்பப் பார்க்காமல் தவழ்ந்து விலகுங்கள். சில குன்றுகளில் கதிரைக்குப் பதில் ரீ வடிவக் கம்பி இழுக்கும். அது கதிரை அல்ல, அதில் உட்கார்ந்தால் நேரே பனிக்குள் போவீர்கள். நின்றபடி இடுப்புக்குக் கீழே தாங்கவிட வேண்டும்.

ஒன்ராறியோவின் ஸ்கீ லிஃப்ற்கள், கட்டடங்களில் உள்ள மின்தூக்கிகளைக் கண்காணிக்கும் அதே தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபையின் கண்காணிப்பில் இருக்கின்றன. நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போதும் இறங்கும்போதும் பயணி செய்யும் பிழையால்.

வழியும் விதியும்

பச்சை வட்டம் எளிய சரிவு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இவை அந்தந்தக் குன்றுக்குள் ஒப்பிட்டு இட்ட அடையாளங்கள். கிளென் ஈடனின் நீலத்தில் இறங்கியவர் புளூ மவுன்ரனின் நீலத்திலும் இறங்குவார் என்று நினைத்துவிட வேண்டாம்.

பத்து விதிகள் கொண்ட அறிவிப்புப் பலகை லிஃப்ற் அடியில் நிற்கும். பிள்ளைக்கு மூன்றைச் சொன்னால் முதல் நாளுக்குக் காணும். முன்னால், கீழே போகிறவருக்குத்தான் வழி. பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். நடுவில், மேலிருந்து வருபவருக்குத் தெரியாத இடத்தில் நிற்காதே. புறப்படும்போதும் இரண்டு பாதை சேரும் இடத்திலும் மேலே திரும்பிப் பார். காணொளி எடுக்க ஆசைப்படும் அப்பாமாருக்கும் சேர்த்து: சரிவின் அடியில், பனிச்சப்பாத்தோடு நடுவழியில் நிற்காதீர்கள், வேலிக்கு வெளியே நில்லுங்கள். வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் சறுக்குப் பலகை கொண்டுபோய் ஸ்கீச் சரிவில் விடவும் அனுமதி இல்லை.

சாப்பாடு, குளிர், காயம்

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் ஒன்றரை மணித்தியாலம் மேலெல்லை. அழுத பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனால் திரும்ப வெளியே வராது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். லொட்ஜ் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேசை கிடைக்காது, பதினொன்றேகாலுக்கே போய்விடுங்கள். சில குன்றுகள் வெளிச்சாப்பாட்டுக்கு ஒரு பகுதி விட்டிருக்கின்றன, சில விடுவதில்லை. விடும் இடமென்றால் காலையில் வாங்கிய மட்டன் ரோல்ஸும் சுடுதண்ணிப் போத்தலும் கையைக் கடிக்காது. ஜக்கெற் பையில் கச்சான் அல்வா ஒரு துண்டு இருக்கட்டும். அயற்பிள்ளைக்குக் கொடுக்க முன் ஒவ்வாமை கேளுங்கள்.

காற்றோடு சேர்த்து உணரும் குளிர் -28 ஆனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். -20 தாண்டினால் முதல் நாளைத் தள்ளிப்போடுங்கள். குளிர் நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெளிறிய திட்டுக் கண்டால், எங்கள் கறுத்த தோலில் அது சாம்பல் பூத்ததுபோலவும் தெரியும், உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்கக் கூடாது, ஹீற்றரிலும் பிடிக்கக் கூடாது. வெறுங்கையின் சூட்டால் மூடிப் பிடியுங்கள். உணர்வு திரும்பாவிட்டால், குன்றில் முதலுதவி செய்யும் குழுவான ஸ்கீ பற்றோலிடம் காட்டுங்கள்.

யாராவது விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தால், அவருக்கு மேலே சில மீற்றர் தள்ளி இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாக நாட்டுங்கள். மேலிருந்து வருபவர்கள் விலகிப் போவார்கள், உதவி தேவை என்றும் விளங்கும். சப்பாத்தைக் கழற்றாதீர்கள், காலை அசையாமல் பிடித்திருப்பது அதுதான். ஹெல்மெற்றையும் கழற்ற வேண்டாம். லிஃப்ற் ஊழியரிடம் சொன்னால் பற்றோல் சறுக்குவண்டியோடு வரும். தலை அடிபட்ட பிள்ளை ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அன்றைக்கு ஸ்கீ முடிந்தது.

திரும்பும்போது

மதியம் இரண்டு மணிக்கு மேல், இன்னும் ஒரேயொரு தரம் என்று கேட்கும் அந்தக் கடைசி இறக்கத்தில்தான் களைத்த கால் பிசகும். அதை வேண்டாம் என்று சொல்லுவது உங்கள் வேலை. கடைசி மணித்தியாலத்தில் வாடகைக் கூடம் மீண்டும் நெரியும். அதற்கு முந்திக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சப்பாத்தை எங்கே விட்டீர்கள் என்றும் நினைவு வைத்திருங்கள். நனைந்த மிற்றன், காலுறை, நெக் வோர்மர் எல்லாவற்றையும் தனிப் பையில் போட்டு, வீட்டுக்கு வந்தவுடன் விரித்துக் காயப்போட வேண்டும். பையோடு மறந்தால் அடுத்த சனிக்கிழமை மணக்கும்.

பிள்ளைக்குப் பிடித்துவிட்டது, இந்தப் பருவத்தில் நாலு தரமாவது போவோம் என்றால் ஒவ்வொரு தடவையும் வாடகை கட்டாதீர்கள். ஸ்கீக் கடைகள் இலையுதிர்காலத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பருவம் முழுவதற்கும் ஒரே தொகையில் சாமான் கொடுக்கின்றன. ஒக்ரோபர், நவம்பரில் ஆங்காங்கே நடக்கும் பழைய ஸ்கீச் சந்தைகளிலும் மலிவாக வாங்கலாம், ஆனால் வாங்கியதைப் பாவிக்க முன் ஒரு கடையில் கொடுத்து பைண்டிங்கைப் பிள்ளையின் எடைக்கு அமைப்பிக்க வேண்டும். மிகப் பழைய பைண்டிங்கைத் தொடக் கடைக்காரர் மறுப்பார். வாங்க முன்பே கேளுங்கள். ஹெல்மெற் மட்டும் பழையது வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெற்றின் வெடிப்பு வெளியே தெரியாது.